இருபத்தெட்டு கிராம்

சுங்கை லாலாங்,
14 அக்டோபர் 2024

பரஞ்சோதி அண்ணனுக்கு,

சிவநேசன் எழுதுவது. இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். என் போன் எப்போதும் உங்கள் கொழுந்தியாள் நவமணி கையில் இருக்கிறது. உங்கள் போனில் எது வந்தாலும் கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டுப் பேத்தி ரூபினியிடம் நீட்டி, "படிச்சுச் சொல்லும்மா" என்பீர்கள். நான் எழுதப்போகிற சங்கதியைப் பதினாறு வயதுப் பெண்பிள்ளை உரக்கப் படிக்க வேண்டாம். ஒட்டிய உறையை அவள் பிரிக்கமாட்டாள் என்று நம்பி எழுதுகிறேன்.

எனக்குப் புரோஸ்டேட்டில் லேசர் வைத்து இன்றோடு முப்பத்திரண்டு நாள். நேற்று மட்டும் பதினாறு தடவை ஒன்றுக்கு என்று தண்டாஸுக்குப் போனேன். எண்ணியது நான் இல்லை, நவமணி. எண்ணிவிட்டுச் சும்மா இருந்தாளா? "அக்கா வீட்டு மாமாவுக்கும் லேசர்தான் வச்சாங்க. மூணாம் நாளே பசார்ல மீன் வாங்கப் போயிட்டாரு லா. உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?" என்கிறாள். வேளைக்கு ஒரு தடவை இதைச் சொல்கிறாள். காது புளித்துவிட்டது.

மூன்றாம் நாள் கதையைப் பரப்பியது நீங்கள்தானே? உங்களுக்கு லேசர் முடிந்ததும், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தபோது, "குழாயத் திறந்துவிட்ட மாதிரி ஆயிடுச்சு, மூணே நாள்" என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை.

போன மார்ச் மாதம் பீடோங் கல்யாண மண்டபத்துத் தண்டாஸில் நடந்ததையும் மறக்கவில்லை. நான் முன்னால் நுழைந்தேன். நீங்கள் பின்னால் வந்தீர்கள், முடித்தீர்கள், கை கழுவினீர்கள், தலை சீவினீர்கள், "வரியா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போயும் போனீர்கள். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சத்தம் இன்றுவரை என் காதில் இருக்கிறது. ஒரு மனிதனுக்கு இன்னொரு மனிதனின் இதில் போய்ப் பொறாமை வருமா என்று கேட்பீர்கள். வந்தது. வயிறெரிந்தது.

நான் எதற்காக இந்த லேசருக்குப் படுத்தேன் என்று உங்களுக்குத் தெரியும். வருகிற சித்ரா பௌர்ணமிக்கு அம்மன் கரகம் என் தலையில் ஏற வேண்டும். பதினேழு வருஷம் ஏறிய தலை. ஆற்றங்கரையில் ஏற்றினால் கோயில் வாசலில்தான் இறக்க வேண்டும். நடுவில் நாலு மணி நேரம் தரையில் வைக்கக் கூடாது. போன வருஷம் பாதி வழியில் எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. காப்புக் கட்டிக் கூட வந்த நீங்கள் தலை மாற்றி வாங்கிக்கொண்டீர்கள். நான் ரோட்டோரச் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடினேன். திரும்பி வந்தபோது ஊர்வலம் போய்விட்டிருந்தது. இந்த வருஷமும் நீங்களே தூக்கினீர்கள். அன்றைக்குக் கைமாறிய கரகம் என்னிடம் திரும்பவில்லை.

உங்களுக்கு எப்படிச் சரியானது? என்ன சாப்பிட்டீர்கள், என்ன செய்தீர்கள்? ஒளிக்காமல் எழுதுங்கள்.

சிவநேசன்


கரங்கான்,
24 அக்டோபர் 2024

தம்பி சிவநேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ரூபினி உறையைப் பிரிக்கவில்லை. ஆனால் சின்னத் தாத்தா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நாலு தடவை கேட்டாள். கோயில் விஷயம் என்று சொல்லி வைத்தேன்.

பதினாறு தடவை என்று படித்ததும் வருத்தமாக இருந்தது. நான் பகலில் ஐந்து தடவை, இரவில் ஒரு தடவை. அந்த ஒன்றும் பழக்கத்தில் எழுவதுதான். பீடோங் மண்டபத்து விஷயத்தை நீ இத்தனை நாள் மனதில் வைத்திருப்பாய் என்று நினைக்கவில்லை. தலை சீவியதற்கு மன்னித்துக்கொள்.

நான் விசேஷமாக ஒன்றும் சாப்பிடவில்லை. என்னுடைய சுரப்பி தொண்ணூற்றிரண்டு கிராம் இருந்தது. உன்னுடையது இருபத்தெட்டு என்று நவமணி தன் அக்காள் லோகேஸ்வரியிடம் சொல்லி, அவள் என்னிடம் சொன்னாள். பெரிய அடைப்பை எடுத்தால் பெரிய வித்தியாசம் தெரியும் என்பார் எங்கள் டாக்டர். சின்னதில் எடுக்க என்ன இருக்கிறது? அதனால்தான் உனக்கு அவ்வளவாகத் தெரியவில்லையோ என்னவோ.

லேசருக்கு முன்னால் உனக்கு மாத்திரை கொடுத்தார்களா? எனக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள். அதற்கும் கேட்காமல், ஒரு நாள் மொத்தமாக அடைத்துக்கொண்டு, டியூப் போட்டு, அதற்குப் பிறகுதான் லேசர். கறுப்புக் கோப்பி ஓ-வைக் குறை. இனிப்பு நீர் இருக்கிறது, சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொள்.

இன்னொன்று. லேசருக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு நீலப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். மூன்று நாள் எவ்வளவு குடித்தோம், எத்தனை மணிக்கு எவ்வளவு போனோம் என்று அளந்து எழுதுகிற புத்தகம். கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தேன், காணவில்லை. ஜூன் மாதம் லோகேஸ்வரியின் பிறந்தநாளுக்கு வந்தபோது நீ அந்த அலமாரிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். பார்த்தாயா?

தீபாவளிக்கு நாங்கள் அங்கே வருகிறோம். நேரில் பேசலாம்.

பரஞ்சோதி


சுங்கை லாலாங்,
6 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

தீபாவளியன்று எனக்கு வயிறு சரியில்லை என்று நவமணி சொன்னது பொய். அறையை விட்டு வரப் பிடிக்கவில்லை. கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கிளாஸ் ஆரஞ்சுத் தண்ணீர், ஒரு கிளாஸ் பால் தேத்தண்ணி. மூன்று மணி நேரம் நாற்காலியை விட்டு அசையவில்லை நீங்கள். அந்த மூன்று மணி நேரத்தில் நான் பின்பக்கமாக ஐந்து தடவை போய் வந்தேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் எரிந்தது. "சின்னதில் எடுக்க என்ன இருக்கிறது?" இது ஓர் ஆண்பிள்ளைக்கு எழுதுகிற வரியா? எல்லாவற்றிலும்தான் உங்களுக்குப் பெரியது கிடைத்தது. மாமனார் வீட்டில் மூத்த மருமகன், முதல் இலை உங்களுக்கு. நான் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து நாள் முழுக்க ரப்பர்க் காட்டில் நடந்தேன், நீங்கள் லோரியில் உட்கார்ந்து செம்பனைக் குலை ஏற்றிப்போனீர்கள். கடைசியில் நோயிலும் உங்களுக்குத் தொண்ணூற்றிரண்டு, எனக்கு இருபத்தெட்டு.

எனக்கென்று இருந்தது கரகம் ஒன்றுதான். அந்த நாலு மணி நேரம் யாரும் என்னை இளைய மருமகன் என்று சொல்லமாட்டார்கள். என் பின்னால் நீங்கள் வேப்பிலை பிடித்து வருவீர்கள். போன ஏப்ரலில் நீங்கள் கரகத்தோடு வந்தபோது நான் கூட்டத்தில் நின்றேன். ஊரே கும்பிட்டது. நானும் கை கூப்பினேன். அம்மனைக் கும்பிட்டேனா உங்களைச் சபித்தேனா என்று எனக்கே தெரியாது.

நீலப் புத்தகத்தை நான் பார்க்கவில்லை. உங்கள் மூத்திரக் குறிப்பு எனக்கு எதற்கு?

சிவநேசன்


கரங்கான்,
18 நவம்பர் 2024

தம்பி,

நீ புத்தகத்தைச் சட்டைக்குள் செருகியதை ரூபினி பார்த்திருக்கிறாள். அன்றைக்கே பாட்டியிடம் சொல்ல, "பெரியவங்க விஷயம், வாய மூடு" என்று லோகேஸ்வரி அடக்கிவிட்டாள். போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

புத்தகம் போனால் போகட்டும். எதற்கு எடுத்தாய் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரே ஒரு காரணம்தான் தோன்றுகிறது. அது உண்மையாக இருக்கக் கூடாது. உண்மையாக இருந்தால், உன் டாக்டரிடம் போய்ச் சொல்லிவிடு. அவர் உன் உடம்புக்கு வைத்தியம் பார்க்க வேண்டியவர், என் உடம்புக்கு இல்லை.

பதில் எழுது.

பரஞ்சோதி


சுங்கை லாலாங்,
20 ஜனவரி 2025

அண்ணனுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுத மனமில்லை. இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

பொங்கலன்று வாசலில் பால் பொங்கியது, எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. டிசம்பரிலேயே நூலாக மெலிந்துவிட்டது. உங்கள் காதுக்குப் போய்விடும் என்று நவமணியிடம்கூடச் சொல்லவில்லை. மதியத்துக்குள் அடிவயிறு கல்லாகிவிட்டது. மருமகன் குணாளன் காரில் போட்டுக்கொண்டு ஓடினான். டியூப் போட்டார்கள். ஒரு லிட்டர் இறங்கியது. இப்போது தொடையில் பை கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆமாம், புத்தகத்தை எடுத்தேன். நீங்கள் யோசித்ததும் சரிதான்.

போன மே மாதம் அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடம், "சுரப்பி இருபத்தெட்டு கிராம்தான். முதல்ல மாத்திரை சாப்பிடுங்க. இனிப்பு நீரும் இருக்கு, தொந்தரவு மூத்திரப் பையிலயே இருக்கலாம். பையோட அழுத்தம் பார்க்கிற சோதனை ஒன்னு செஞ்சிட்டு முடிவு பண்ணலாம்" என்றார். சோதனைக்குத் தேதி அடுத்த வருஷம் பிப்ரவரியில். அதற்குப் பிறகு லேசர் எப்போது, உடம்பு தேறுவது எப்போது, கரகம் எப்போது? மாத்திரையை ஒன்பது நாள் சாப்பிட்டேன். தலை சுற்றியது. விட்டுவிட்டேன்.

பிறகு பினாங்கில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த டாக்டரும் மூன்று நாள் குறிப்புக் கேட்டார். என் நிஜக் குறிப்பைக் கொடுத்தால் இவரும் மாத்திரைதான் கொடுப்பார் என்று பயம் வந்தது. உங்களுக்கு லேசர் வாங்கித் தந்த புத்தகம் எனக்கும் வாங்கித் தராதா? நவமணி சந்தைக்குப் போன நேரம் பார்த்துச் சமையல் மேசையில் உட்கார்ந்து, புதுப் புத்தகத்தில் வரி விடாமல் எழுதினேன். ரூபினி உங்களுக்காக மலாயில் எழுதிக் கொடுத்திருந்ததை அர்த்தம்கூடப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஸாரா என்ற நர்ஸ் மிஸிதான் அதைப் புரட்டினாள். "அங்கிள், ரூமா சுங்கை லாலாங். தாப்பி ஹாரி-ஹாரி கென்சிங் டி கரங்கான், கெனப்பா?" என்று கேட்டாள். வீடு சுங்கை லாலாங்கில், ஒன்றுக்குப் போவது மட்டும் தினமும் கரங்கானிலா என்று. நீங்கள் மூன்று நாளும் கரங்கான் பஸ் ஸ்டாண்டில் போனதை இடம் போட்டு எழுதியிருக்கிறீர்கள், நான் அதையும் எழுதியிருக்கிறேன்! மூன்று நாளும் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன் என்று சமாளித்தேன்.

மாத்திரை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். "ஆறு மாசம் டாக்டர், கேக்கல." மூத்திர வேகம் பார்க்கிற மெஷினில் போய்க் காட்டச் சொன்னார்கள். வெட்கத்தில் பாதி வரவில்லை, கோடு தட்டையாக விழுந்தது. அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

இப்போது பையின் கழுத்து தழும்பாகிச் சுருங்கிவிட்டதாம், வெட்டித் திறக்க வேண்டுமாம். பிப்ரவரி பதினெட்டு. டாக்டரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு வராது. நவமணி பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பாள். உங்கள் புத்தகத்தைத் திருடிக் காப்பியடித்தேன் என்று அவள் காதுபடச் சொல்வதைவிட இன்னொரு தடவை வெட்டிக்கொள்வது மேல்.

எல்லாம் உங்களால்தான். மூன்றாம் நாள் என்று நீங்கள் பீற்றிக்கொள்ளாமல் இருந்திருந்தால் நான் இதில் இறங்கியிருப்பேனா?

சிவநேசன்


கரங்கான்,
29 ஜனவரி 2025

தம்பி சிவநேசனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ கடைசியில் எழுதியது உண்மை. என்னாலும்தான்.

மூன்றாம் நாள் மீன் வாங்கப் போனேன். டயப்பர் கட்டிக்கொண்டு போனேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. முதல் இரண்டு மாதம் அது இல்லாமல் வாசலைத் தாண்டியதில்லை. இப்போதும் இருமினால், மேட்டில் ஏறினால், கனமாக எதையாவது தூக்கினால் கசிகிறது. நீ மண்டபத்தில் கேட்ட சத்தம் பொய்யில்லை. வருவது நன்றாகத்தான் வருகிறது தம்பி, நிற்கத்தான் மாட்டேன் என்கிறது. தீபாவளிக்கு உன் வீட்டில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேனே, எழுந்தால் உன் நாற்காலித் துணி நனைந்தது தெரிந்துவிடும் என்றுதான். நவமணி மேசையைச் சுத்தம் செய்ய உள்ளே போன பிறகுதான் எழுந்தேன்.

போன ஏப்ரலில் கரகம் தூக்கியபோது மஞ்சள் வேட்டிக்குள் இரண்டு டயப்பர் கட்டியிருந்தேன். ஊர் கும்பிட்டதை நீ பார்த்திருக்கிறாய். நான் அம்மனிடம் நாலு மணி நேரமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். பதினேழு வருஷம் உன் பின்னால் வேப்பிலை பிடித்து வந்தவன் நான். மூத்தவன், இலையில் முதல், ஊர்வலத்தில் இரண்டாவது. ஒவ்வொரு வருஷமும் "தம்பிக்கு அம்மன் அருள்" என்று ஜனங்கள் சொல்லும்போது நான் தலையாட்டிச் சிரிப்பேன். எனக்கு ஏன் அந்த அருள் இல்லை என்று மனசுக்குள் கேட்பேன். நீ பாதி வழியில் தவித்து நின்றபோது உன் தலையிலிருந்து கரகத்தை வாங்கினேனே, அப்போது எனக்கு உன்மேல் இரக்கம் வரவில்லை. சந்தோஷம் வந்தது. நீ செம்பனைக்குள் ஓடியதும் உருமிக்காரனை வேகமாக அடிக்கச் சொன்னது நான்தான். நீ திரும்பி வருவதற்குள் தூரம் போய்விட வேண்டும் என்று.

அதற்குப் பிறகு உடம்பில் ஒரு குறை என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்? உடனே கரகத்தைத் திருப்பிக் கேட்பாய்.

இப்போது சொல்லிவிட்டேன். நீயும் போய் டாக்டரிடம் சொல். தெரியாத்தனமாக அவர் ஒரு வழியில் போய், உன் பை நிரந்தரமாகக் கெட்டுவிட்டால் நான் எந்த முகத்தோடு நவமணியைப் பார்ப்பேன்?

பரஞ்சோதி


சுங்கை லாலாங்,
6 மார்ச் 2025

அண்ணனுக்கு,

சொல்லிவிட்டேன். நவமணியை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லலாம் என்று பார்த்தேன், அவள் நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். புத்தகம், ஒன்பது நாள் மாத்திரை, கரங்கான் பஸ் ஸ்டாண்ட், எல்லாம். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். "சின்னச் சுரப்பின்னா லேசர் கூடாதுன்னு இல்ல, அங்கிள். சின்னதே வழிய நல்லா அடைச்சிருந்தா, லேசர் வச்சு நிறைய பேருக்கு நல்லா ஆகியிருக்கு. அடைப்புதான் காரணமா, பை காரணமான்னு பார்த்துத்தான் செய்யணும். உங்களுக்குப் பை அவசரப்படுது. அதுக்கு நான் வழிய அகலப்படுத்தினேன். கழுத்து இப்படித் தழும்பாகிச் சுருங்குறதும் சின்னச் சுரப்பிக்காரங்களுக்குக் கொஞ்சம் கூட. இத லேசருக்கு முன்னாடியே உங்ககிட்ட சொன்னேன்." சொன்னார்தான். கையெழுத்துப் போடும் அவசரத்தில் நான் காதில் வாங்கவில்லை.

பிறகு அழுத்தம் பார்க்கிற சோதனை செய்தார்கள். அது தனிக் கொடுமை, எழுதமாட்டேன். பை செத்துப்போகவில்லை, ஆனால் பொறுமை இல்லாத பை என்று தெரிந்தது. கழுத்தை வெட்டித் திறந்துவிட்டார்கள். டியூப் போய்விட்டது. இப்போது பைக்கு மாத்திரை. கோப்பி ஓ கிடையாது. அவசரம் வந்தாலும் கொஞ்சம் அடக்கிப் பழக வேண்டும். பதினாறு ஒன்பதாகியிருக்கிறது. ஒரு மணி நேரம் தாங்குகிறது, அதற்கு மேல் நானும் அதுவும் சண்டை.

திரும்பும்போது நவமணி பினாங்குப் பாலம்வரை ஆஸ்பத்திரிப் பில்லைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். தாண்டியதும், "உங்களுக்கு ரோஷம் வந்து கோப்பிய விடுவீங்கன்னுதான் மாமாவப் பத்திச் சொன்னேன். மாமாவா மாறச் சொன்னேனா?" என்றாள். குணாளன் ரோட்டையே பார்த்து ஓட்டினான். நான் ஜன்னலைப் பார்த்து அழுதேன்.

உங்கள் டயப்பர் விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்குப் பசியெடுத்தது. மாதக்கணக்கில் இல்லாத பசி.

ஆனால் உருமிக்காரன் விஷயத்தை மன்னிக்கமாட்டேன்.

கோயில் தலைவர் காளிதாசன் வந்து கேட்டார். ஒரு மணி நேரம் தாங்குகிறவன் நாலு மணி நேரக் கரகத்தை எப்படி வாங்குவது? என்னால் முடியாது என்று என் வாயாலேயே சொல்ல வைத்தார். நீங்களே தூக்குங்கள். குணாளன் காப்புக் கட்டிக் கூட வருவான். நான் வரமாட்டேன். நீங்கள் தூக்குவதை இன்னொரு தடவை பார்க்க என் உடம்பில் தெம்பில்லை.

சிவநேசன்


கரங்கான்,
15 மே 2025

தம்பி சிவநேசனுக்கு,

திருவிழா முடிந்து நேராகக் கரங்கானுக்கு வந்துவிட்டேன். உன் முகத்தைப் பார்த்துப் பேசத் தைரியம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்த வருஷம் நான் டயப்பர் கட்டவில்லை. உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அம்மன் முன்னால் மட்டும் மறைத்துக் கட்டிக்கொண்டு போக மனசு வரவில்லை. டாக்டர் சொல்லிக் கொடுத்த பயிற்சியை நாலு மாதமாகச் செய்துவந்தேன், தாங்கிவிடும் என்று நினைத்தேன். ஆற்றங்கரையிலிருந்து லயத்து வீடுகள்வரை தாங்கியது. பழைய ரப்பர் ஸ்டோர் மேட்டில் ஏறும்போது தொடங்கிவிட்டது. மேட்டில் மூச்சுப் பிடிக்கிறோம், தலையில் கனம், கையை விட்டுக் கீழே பிடிக்கவும் முடியாது. கால்வழியாக இறங்குவது தெரிகிறது. மஞ்சள் வேட்டி நனைந்தால் எவ்வளவு தூரத்திலும் தெரியும். இருபது அடி முன்னால் பெண்கள் தீபத்தட்டோடு வரிசையாக நிற்கிறார்கள். எல்லோருடைய கண்ணும் என்மேல்தான். அங்கேயே நின்றுவிட்டேன். அருள் வந்து நிற்பதாக நினைத்து உருமிக்காரன் இன்னும் ஓங்கி அடித்தான்.

அறுபத்தேழு வயதில் ஊர் நடுவில் இப்படியா என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் இடுப்பில் மஞ்சள் தண்ணீர் வந்து அடித்தது. வழக்கமாகக் காலில்தான் ஊற்றுவார்கள். இது இடுப்பிலிருந்து பாதம்வரை ஒரே வீச்சாக வந்தது. உடனே மற்றவர்களும் அதுதான் இந்த வருஷத்து முறை என்று நினைத்து, ஆளுக்கொரு வாளி எடுத்து இடுப்பில் ஊற்றத் தொடங்கிவிட்டார்கள். கோயில் வாசல் போகும்வரை என் வேட்டி காயவே இல்லை. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டோர் மேட்டு வீட்டுப் பிரேமாவதி வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

முதலில் ஊற்றியது யார் என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணிலும் தெறித்துவிட்டது. கரகத்தை இறக்கிய பிறகு குணாளன் சொன்னான். "எங்க மாமாதான் ஊத்தினாரு, பெரிய மாமா. ரெண்டு வாளி தூக்கிட்டு ஓடி வந்தாரு. ஒரே ஊத்து. அப்புறம் ஆளக் காணோம்" என்றான்.

வரமாட்டேன் என்று எழுதினாய். வந்தாய். உருமிக்காரனை விரட்டி உன்னை நடுவழியில் விட்டுவிட்டுப் போனவனுக்கு, நீ இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினாய். இதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேன் என்று தெரியவில்லை. உன் மனசு எனக்கு இல்லை தம்பி.

பரஞ்சோதி


சுங்கை லாலாங்,
21 மே 2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை நவமணிக்குக் காட்டலாம் என்று நினைத்தேன். இவ்வளவு நல்லவிதமாக யாரும் என்னைப் பற்றி எழுதியதில்லை. ஆனால் அதில் எழுதியிருப்பது நடந்தது இல்லை. ஒரு காப்பியடித்த புத்தகத்தால் பட்டது போதும்.

உங்களைக் காப்பாற்ற நான் அங்கே வரவில்லை. இந்த வருஷமாவது நீங்கள் தடுமாறுவீர்களா என்று பார்க்க வந்தேன். ஸ்டோர் மேடுதான் கஷ்டமான இடம் என்று பதினேழு வருஷம் தூக்கியவனுக்குத் தெரியாதா? அதனால்தான் அங்கே போய், பிரேமாவதி வீட்டு வேலியோரம் நின்றேன்.

மேட்டில் நீங்கள் நின்றதும் உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஊர் அருள் என்று நினைத்தது. எனக்கு மட்டும்தான் தெரியும், அது என்ன முகம் என்று. அண்ணே, அப்போது நான் ஓடி வரவில்லை. நனையட்டும் என்று நினைத்தேன். ஊர் பார்க்கட்டும். உருமிக்காரன் ஒரு சுற்று அடித்து முடித்து, மறு சுற்று தொடங்கும்வரை நின்று பார்த்தேன். உடம்பெல்லாம் குளிர்ந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் நாலைந்து தடவைதான் வந்திருக்கும்.

நீங்கள் கண்ணை மூடினீர்கள். அதே நேரம் எனக்கும் முட்டிக்கொண்டு வந்தது. ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, வேடிக்கையில் மறந்துவிட்டேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் கூட்டம். செம்பனைக்குப் போவதென்றால் ரோட்டைக் கடந்து உங்கள் முன்னால்தான் ஓட வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓடிய அதே ஓட்டம். டாக்டர் சொன்னபடி அடக்கிப் பார்த்தேன், மூச்சை எண்ணிப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. நின்ற இடத்திலேயே ஆகிவிட்டது. நீங்கள் ரோட்டில், நான் வேலியோரம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

பிரேமாவதி வாசலில் இரண்டு வாளி மஞ்சள் தண்ணீர் கரைத்து வைத்திருந்தாள். அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது உண்மை. குணாளனுக்குக் கூட்டத்தில் சரியாகத் தெரிந்திருக்காது.

ஒரு வாளிதான் உங்கள் மேல் ஊற்றினேன். இன்னொன்றை என் மேல் ஊற்றிக்கொண்டேன்.

சிவநேசன்